மாணவர் பாராளுமன்ற அமர்வைச் செய்தியாக்குவது எப்படி?

திருகோணமலையில் மாணவர் பாராளுமன்ற அமர்வொன்றுக்குச் செல்லும் மாணவ நிருபர், முதல் நாளே நிகழ்ச்சி நிரலையும் உறுப்பினர் பட்டியலையும் பெற்று, பெயர்களைத் தமிழிலும் சிங்களத்திலும் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

சபாநாயகர் தெரிவும் பதவிப் பிரமாணமும் ஒரு வரியில் அடங்கிவிடும். செய்தி இருப்பது பிரேரணையில்தான். அதை முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர், எதிர்த்தவர் சொன்ன காரணம், ஆதரவாகவும் எதிராகவும் விழுந்த வாக்குகள் ஆகியவற்றை அங்கேயே குறித்துக்கொள்ளுங்கள். மூதூர் பேருந்து பாடசாலை நேரத்துக்கு வருவதில்லை என்று ஒரு மாணவி பேசினால், அவருடைய சொற்களை மெருகேற்றாமல் எழுதுவதோடு, பொறுப்பான அதிகாரியிடமும் விளக்கம் கேட்க வேண்டும். இந்த இரண்டாவது வேலையைப் பலர் விட்டுவிடுவது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது. அந்த மாணவியின் பேச்சுக்குப் பதில் கிடைக்கும் வழி அதுதான்.

நாட்டின் பாராளுமன்றத்தில் 225 உறுப்பினர்கள் இருக்கிறார்கள். அவர்களுள் திருகோணமலை மாவட்டத்திலிருந்து தெரிவாவோர் 4 பேர். சட்டம் இயற்றும் அதிகாரம் அந்தச் சபைக்கே உரியது என்பதால், மாணவர் சபையின் தீர்மானத்தைக் கோரிக்கை என்றே எழுதுங்கள்.

சிறுவர்களின் படங்களை வெளியிடப் பெற்றோரினதும் பாடசாலையினதும் அனுமதி தேவை. இரண்டு மாதம் கழித்து அதே அதிகாரியிடம் மீண்டும் சென்று, கோரிக்கை என்னவாயிற்று என்று கேளுங்கள்.