கடன் நிறுவனம் கைவிட்டாலும் கிரயம் நிற்காமலிருக்க: நீலகிரி வீட்டு முகவர்களுக்கு

சில ஆண்டுகளுக்கு முன், கோத்தகிரி சார்பதிவாளர் அலுவலகத்தில் டோக்கன் வாங்கிக்கொண்டு, விற்பவர் குடும்பமும் வாங்கும் ஆசிரியை அம்மாவும் நானும் காலை பத்து மணி முதல் காத்திருந்தோம். வரைவோலையுடன் வரவேண்டிய வீட்டுக்கடன் நிறுவனத்தின் ஊழியர் மதியம் இரண்டு மணிக்குத் தொலைபேசியில் அழைத்து, தலைமை அலுவலக வழக்கறிஞர் இன்னும் ஓர் ஆவணம் கேட்கிறார் என்று சொன்னார். கிரய ஒப்பந்தத்தின் கெடு முடிய நான்கு நாட்களே இருந்தன. அந்த அம்மா கொடுத்திருந்த முன்பணம் மூன்று லட்சம். விற்பவர் பெரிய மனதுடன் ஒரு மாதம் நீட்டித்துக் கொடுத்ததால் அது தப்பியது. அந்தக் கடன் எவ்விதச் சிக்கலும் இன்றி வந்துவிடும் என்று சொன்னவன் நான் என்பதால், அன்று முதல் வேலைமுறையை மாற்றிக்கொண்டேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில், 'லோன் ஓகே ஆகிவிட்டது' என்று வாங்குபவர் சொன்னால் எது ஓகே ஆனது என்று கேளுங்கள். பெரும்பாலும் அவருடைய சம்பளச் சான்றையும், கடனை எப்படிக் கட்டி வந்தார் என்று காட்டும் சிபில் மதிப்பெண்ணையும் பார்த்துத் தந்த ஒப்புதலாகவே அது இருக்கும். சொத்தின் பத்திரங்களைப் பார்க்கும் வழக்கறிஞர் கருத்தும், பொறியாளர் தரும் மதிப்பீட்டு அறிக்கையும் வந்த பிறகுதான் பணம் வெளியே வரும். அனுமதிக் கடிதத்தை வாங்கி, அதிலுள்ள நிபந்தனைகளையும் எத்தனை நாள் செல்லும் என்ற வரியையும் நீங்களே படியுங்கள். கடன் முகவர் வாய்மொழியாகச் சொல்வதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

நம் மலையில் கடன் நின்றுபோவது பெரும்பாலும் சொத்தைப் பார்க்கும் இந்த இரண்டாம் கட்டத்தில்தான். சமவெளிக் கிளையிலிருந்து கோப்பைப் பார்க்கும் அதிகாரிக்கு இங்குள்ள நில வகைகள் பழக்கமில்லாததால், ஆரம்பத்தில் எல்லாவற்றுக்கும் சரி என்று சொல்லிவிட்டுக் கடைசியில் பின்வாங்குகிறார். கூடலூர், பந்தலூர் பக்கம் 1969ஆம் ஆண்டு ஜன்ம நில (பழைய பரம்பரை நில உரிமை) ஒழிப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவில் சிக்கிய நிலத்துக்கு உரிமையே தீராதிருக்கும்போது வங்கி கடன் தரும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. 1949ஆம் ஆண்டு தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அறிவிக்கப்பட்ட நிலமாக இருந்தால் முன் அனுமதியின்றி விற்கவே முடியாது. தேயிலைத் தோட்டமாக வருவாய்க் கணக்கில் இருக்கும் இடத்தில் வீடு நின்றாலும், மலைப்பகுதிப் பாதுகாப்பு ஆணையத்தின் அனுமதி தேவைப்பட்டு வாங்கப்படாமல் இருந்தாலும், வரைபட அனுமதிக்கு மேல் ஒரு தளம் எழும்பியிருந்தாலும் கேள்வி எழும். மூலப் பத்திரம், 30 ஆண்டு வில்லங்கச் சான்று, பட்டா, புலப்பட வரைபடம், கட்டட அனுமதி, வீட்டுவரி ரசீது ஆகியவற்றை விற்பவரிடமிருந்து முதல் வாரத்திலேயே வாங்கி, ஒப்பந்தம் எழுதுவதற்கு முன் கடன் நிறுவனத்தின் வழக்கறிஞர் பார்வைக்குக் கொடுத்துவிடுங்கள். அவருக்கான கட்டணத்தை வாங்குபவர் முன்கூட்டியே கட்ட வேண்டியிருந்தாலும், முன்பணத்தோடு ஒப்பிட்டால் அது சிறு தொகை. பட்டா தாத்தா பெயரிலேயே இருந்து, வாரிசுகள் பல ஊர்களில் இருப்பது இங்கே மிகச் சாதாரணம். அதைக் கடைசி வாரத்தில் சரிசெய்ய முடியாது.

மதிப்பீட்டுப் பொறியாளர் பெரும்பாலும் கோவையிலிருந்து வருகிறார். 2024 மே முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் தேவைப்படுகிறது. 2025 கோடையில் நாளொன்றுக்கு 6,000, வார இறுதியில் 8,000 என எண்ணிக்கை வரம்பும் இருந்தது. வடகிழக்குப் பருவமழையில் மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரிந்தால் அவர் வரும் நாள் தள்ளிப்போகும். ஆகவே அவர் வரும் தேதியை நீங்களே உறுதிசெய்து, கூடவே நின்று, அருகில் அண்மையில் பதிவான கிரயங்களின் நகல்களைக் கையில் கொடுங்கள். ஊரைத் தெரியாதவர் சரிவான மனையைக் குறைத்து மதிப்பிடுவது வழக்கம்.

அதனால் வரும் இடைவெளியை ஒரு கணக்கில் பாருங்கள். வீட்டின் விலை 60 லட்சம். மதிப்பீடு 50 லட்சம். ரிசர்வ் வங்கியின் வரம்புப்படி 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான கடனுக்கு அதிகபட்சம் 80 சதவீதம் என்பதால், 48 லட்சம் எதிர்பார்த்தவருக்கு 40 லட்சமே கிடைக்கும். முத்திரைத் தீர்வை 7 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமும் சேர்ந்து 5 லட்சத்து 40 ஆயிரம் தனியே வேண்டும். அதைக் கடன் வரம்பில் சேர்க்க மாட்டார்கள். விலை 50 லட்சமோ அதற்கு மேலோ ஆனால் வாங்குபவர் 1 சதவீத வருமான வரியைப் பிடித்தம் செய்து கட்ட வேண்டும் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள், ஏனெனில் வரைவோலைத் தொகை அதைப் பொறுத்தே அமையும். இந்தக் கணக்கை வாங்குபவரின் எதிரில் உட்கார்ந்து எழுதிக் காட்டுங்கள். மதிப்பீடு குறைந்தால் கைப்பணம் போதாது என்று தெரிந்தால், அந்த வீட்டை விட்டுவிடச் சொல்ல வேண்டியதும் நம் பொறுப்புதான், நம் கமிஷன் போனாலும்.

தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது கட்டாயம். வெறும் பேச்சிலும் கைச்சீட்டிலும் முன்பணம் மாறவிடாமல், வாங்குபவரின் தவறின்றிக் கடன் மறுக்கப்பட்டால் முன்பணம் முழுவதும் இத்தனை நாளுக்குள் திரும்ப வரும் என்ற வாசகத்தை அதில் சேர்த்து எழுதுங்கள். விற்பவர் மறுத்தால் ஒரு பகுதியையாவது காப்பாற்றப் பேசிப் பாருங்கள். கெடுவை வழக்கமான மூன்று மாதமாக விடாமல், மழைக்காலத்தில் நான்கு மாதமாக வையுங்கள்.

கடன் நிறுவனத்துடன் பேசியதை அன்றே வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ எழுதிப் போடுங்கள். 'இன்று நீங்கள் கேட்ட வாரிசுச் சான்று கொடுத்துவிட்டோம். வேறு ஆவணம் எதுவும் நிலுவையில் இல்லை என்று உறுதிசெய்யவும்' என்ற ஒற்றை வரி, பிறகு புதிதாக ஒன்று கேட்கும்போது பெரிதும் உதவும். ஊழியர் மாற்றலாகிப் போனால், அடுத்தவருக்கு அந்த எழுத்தே சாட்சி. மாற்றாக இன்னொரு வங்கியையும் தயாராக வைத்திருக்கலாம். ஆனால் ஐந்தாறு இடங்களில் விண்ணப்பித்தால் ஒவ்வொரு விசாரணையும் சிபில் அறிக்கையில் பதிவாகி மதிப்பெண்ணைக் குறைக்கக்கூடும். நீலகிரிப் பத்திரங்களில் ஏற்கெனவே கடன் கொடுத்த உள்ளூர்க் கிளை ஒன்று உண்டா என்று விசாரித்து, அதையே இரண்டாவதாக வையுங்கள். கடன் முகவரிடமிருந்து உங்களுக்குத் தொகை ஏதும் வந்தால் வாங்குபவரிடம் மறைக்காதீர்கள்.

பதிவு நாளுக்கு முந்தைய மாலைக்குள் வரைவோலையின் படம் கையில் வராவிட்டால், விற்பவரை வெளியூரிலிருந்து வரவழைக்க வேண்டாம். வரைவோலையிலுள்ள பெயரும் தொகையும் ஒப்பந்தத்தோடு ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். கடன் நிறுவனம் வரைவோலை எழுதிவிட்டுப் பல நாள் தம்மிடமே வைத்திருந்து, எழுதிய நாள் முதல் வட்டி பிடித்தால் மறுத்துக் கேட்கலாம். பணம் உண்மையில் கொடுக்கப்பட்ட நாளிலிருந்தே வட்டி என்று ரிசர்வ் வங்கி 2024 ஏப்ரலில் தெளிவுபடுத்தியுள்ளது. விற்பவருக்குப் பழைய கடன் இருந்து அது அடைக்கப்பட்டால், மூலப் பத்திரங்களை 30 நாளுக்குள் திருப்பித் தர வேண்டும். தம் தவறால் தாமதித்தால் நாளொன்றுக்கு ரூ. 5,000 வீதம் கடன் கொடுத்தவர் இழப்பீடு தர வேண்டும் என்ற விதி 2023 டிசம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ளது.

எல்லாம் சரியாக இருந்தும் இழுத்தடித்தால், வாங்குபவர் பெயரில் கிளைக்கும் குறைதீர்ப்பு அலுவலருக்கும் எழுத்தில் புகார் கொடுத்து, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ பதில் திருப்தி தராவிட்டாலோ, வங்கியாக இருந்தால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடமும், வீட்டுவசதி நிதி நிறுவனமாக இருந்தால் தேசிய வீட்டுவசதி வங்கியிடமும் இணையவழியில் முறையிடலாம். கட்டணம் இல்லை. இதற்குள் ஒப்பந்தக் கெடு நெருங்கிவிடும் என்பதால், புகார் அனுப்பும் அன்றே விற்பவர் வீட்டுக்கு நேரில் போய், நடந்ததை மறைக்காமல் சொல்லி, நீட்டிப்பைப் பத்திரத்தாளில் எழுதி இரு தரப்பின் கையெழுத்தையும் வாங்கிவிடுங்கள்.