மீன்தொட்டிக்குள் ஓர் இமயமலை: பாறை எப்படி உடைகிறது என்று செய்து பார்க்கலாம்

இந்தியத் தட்டு ஆசியாவோடு மோதியதால் இமயமலை உயர்ந்தது என்று பள்ளியில் படித்திருப்போம். மோதும்போது பாறை முதலில் எங்கே உடையும், அடுத்து எங்கே உடையும்? இதைப் படத்தில் பார்த்துப் புரிந்துகொள்வது கடினம். மணலைத் தள்ளிப் பார்த்தால் சட்டென்று பிடிபடும். 1880களில் ஸ்காட்லாந்தின் ஹென்றி கேடல் என்ற நிலவியலாளரும் இப்படித்தான் பெட்டிக்குள் அடுக்குகளைப் பரப்பிப் பக்கவாட்டில் நெருக்கிப் பார்த்தார். பழைய பாறை புதிய பாறையின் மேல் ஏறிக் கிடப்பது எப்படி என்பதே அவருடைய கேள்வி.

தேவையானவை

சிறிய கண்ணாடி மீன்தொட்டி, அதன் அகலத்துக்குச் சரியாக வெட்டிய பலகை, சலித்துக் காயவைத்த மணல், கலர் கோலப்பொடி. மணலில் ஈரம் இருந்தால் கட்டிகட்டியாக நகரும், கோடு தெளிவாக விழாது. அதனால் ஒரு நாள் நல்ல வெயிலில் காயவிடுங்கள்.

படி 1: அடுக்குதல்

பலகையைத் தொட்டியின் ஒரு முனையில் செங்குத்தாக நிறுத்துங்கள். மீதி இடத்தில் ஒரு விரற்கடை உயரத்துக்கு மணலைப் பரப்பி, அதன் மேல் கண்ணாடியை ஒட்டி மெல்லிய கோடாகக் கோலப்பொடி தூவுங்கள். இப்படி நான்கைந்து அடுக்கு போதும். அடியில் இருப்பது பழைய பாறை, மேலே இருப்பது புதியது.

படி 2: தள்ளுதல்

போனை வீடியோவில் போட்டு, கண்ணாடிக்கு நேராக வைத்துவிடுங்கள். இப்போது பலகையை மிக மெதுவாகத் தள்ளுங்கள். முதலில் பலகையை ஒட்டி மணல் லேசாக மேடாகும். சற்று நேரத்தில் கோலப்பொடிக் கோடு ஓரிடத்தில் அறுபடும். அங்கேயே நிறுத்திவிட்டு உற்றுப் பாருங்கள். அறுந்த கோட்டின் ஒரு முனை மற்றொன்றின் மேல் ஏறியிருக்கும். மேலிருந்து கீழாகப் பார்த்தால் அதே நிறம் இரண்டு முறை வரும். வெட்டுக்கோடு கிடைமட்டத்திலிருந்து ஏறக்குறைய 30 பாகை சாய்ந்திருக்கும். இதுதான் அமுக்க விசையில் உண்டாகும் பிளவு.

தொடர்ந்து தள்ளுங்கள். பழைய பிளவு ஓரளவு நகர்ந்து ஓய்ந்துவிடும். புதிய பிளவு அதற்கு முன்னால், இன்னும் கலையாத மணலில் பிறக்கும். எனக்கு இந்தச் சோதனையிலேயே மிகவும் பிடித்த கட்டம் இதுதான், ஏனென்றால் இமயமலையிலும் இதே வரிசைதான். உள்ளே, வடக்கில் இருக்கும் மையப் பெரும்பிளவு சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முன் வேலை செய்தது. அதற்குத் தெற்கே உள்ள எல்லைப் பிளவு பிறகு வந்தது. எல்லாவற்றிலும் இளையது சிவாலிக் குன்றுகள் கங்கைச் சமவெளியைத் தொடும் இடத்தில் இருக்கிறது. மூன்றும் ஆழத்தில் ஒரே பெரிய பிளவில் போய்ச் சேர்கின்றன. 2015 ஏப்ரல் 25 அன்று நேபாளத்தை உலுக்கிய 7.8 அளவிலான நிலநடுக்கம் அந்த ஆழப் பிளவு நழுவியதால் வந்தது.

அங்கே இந்தியாதானே நகர்கிறது, பலகை இல்லையே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பலகை மணலை நோக்கிப் போனாலும் மணல் பலகையை நோக்கி வந்தாலும் நெருக்கம் ஒன்றுதான். இந்தியத் தட்டின் நகர்வில் ஆண்டுக்குச் சுமார் 2 செ.மீ. இமயமலைக்குள்ளேயே செலவாகிறது.

ஒன்றை மட்டும் மணல் சரியாகக் காட்டாது. பூமிக்குள் பத்து, இருபது கிலோமீட்டர் ஆழத்தில் பாறை சூடேறி, உடையாமல் மெல்ல வளைந்து மடியும். மணல் மேலோட்டின் உடையும் பகுதிக்கே பொருந்தும்.

படி 3: இழுத்தல்

மறுபடி அடுக்குங்கள், ஆனால் இம்முறை பலகைக்குப் பின்னால் சற்று இடம் விட்டு, பலகையை அந்தப் பக்கமாக இழுங்கள். மணல் சரிந்து இறங்கும். வெட்டு 60 பாகை அளவில், முன்பைவிடச் செங்குத்தாக நிற்கும். கிழக்கு ஆப்பிரிக்கப் பிளவுப் பள்ளத்தாக்கு இந்த வகை.

படி 4: தரையை மாற்றுதல்

கடைசியாகத் தொட்டியின் அடியில் உப்புத்தாள் ஒட்டி ஒருமுறையும், வழவழப்பான பிளாஸ்டிக் தாள் விரித்து ஒருமுறையும் தள்ளிப் பாருங்கள். சொரசொரப்பான தரையில் மேடு குறுகலாக, உயரமாக எழும். வழவழப்பான தரையில் தாழ்வாக, அகலமாகப் பரவும். பாகிஸ்தானில் இமயமலையின் அடிவாரம் அப்படித்தான் தெற்கே வெகுதூரம் பரவியிருக்கிறது. அங்கே பாறை அடுக்குகள் வழுக்கிப்போவது பழங்காலக் கடல் விட்டுச்சென்ற உப்புப் படிவத்தின் மேல். கேவ்ரா சுரங்கத்தில் வெட்டி எடுக்கும் இந்துப்பு அந்தப் படிவத்திலிருந்துதான் வருகிறது.