முகத்துவாரம் வெட்டுமுன் ஒரு செயலமர்வு: மீனவர், வேளாண்மைக்காரர், ஆய்வாளர் கூடிப் பேச

மாரி மழையில் மட்டக்களப்பு வாவி நிரம்பியதும் எழும் கேள்வி ஒன்றுதான்: முகத்துவாரத்தை, அதாவது வாவி கடலோடு சேரும் வாயை அடைத்த மணல்திட்டை, எப்போது வெட்டுவது? வயல் அழுகுமுன் தண்ணீர் கடலுக்குப் போகவேண்டும் என்பார் படுவான்கரை (வாவியின் மேற்குக்கரை) வேளாண்மைக்காரர். அவசரப்பட்டு வெட்டினால் நீர்மட்டம் இறங்கிவிடும், மீனும் கடலோடு போய்விடும் என்பார் வாவி மீனவர். வெள்ளம் வந்தபிறகு கூட்டினால் சண்டைதான் மிஞ்சும். சிறுபோக அறுவடை முடிந்து பெரும்போக விதைப்புத் தொடங்காத செப்டம்பர் முற்பகுதியே தோதான காலம்.

வெள்ளி ஜும்ஆ, ஞாயிறு ஆராதனை, போயா (பௌர்ணமி) தினம், ஊர்க்கோயில் திருவிழா எல்லாவற்றையும் தள்ளினால் பெரும்பாலும் செவ்வாயோ புதனோதான் மிஞ்சும். இரவு வலைக்குப் போனவர் மீனை விற்றுவிட்டு வர நேரம் வேண்டும். ஆகவே காலை 10 முதல் 1 மணி வரை. நகரத்து ஹோட்டல் வேண்டாம். கொக்கட்டிச்சோலைப் பக்கம் ஒரு பல்தேவைக் கட்டிடம் போதும்; மண்முனைப் பாலத்தால் காத்தான்குடி, ஆரையம்பதி ஆட்களும் வந்துவிடலாம். உத்தியோகத்தருக்குச் சம்பளம் ஓடும், தோணிக்காரருக்கு அன்றைய உழைப்புப் போகும். எனவே ஒருநாள் கூலியும் பஸ் காசும் கொடுப்பதை அழைப்பிலேயே எழுதுங்கள். சாப்பாடு ஹலாலாகவும், மரக்கறி தனிச் சட்டியிலும் இருக்கட்டும்.

சங்கத் தலைவருக்கு மட்டும் கடிதம் போட்டால் தலைவரும் அவரது மச்சானும்தான் வருவார்கள். வீச்சுவலைக்காரர், இறால் பிடிப்பவர், தாழ்ந்த வயல்காரர், கருவாடு போடும் பெண்கள் என்று தொழிலைச் சொல்லி ஆள் கேளுங்கள். மொத்தம் 30 பேருக்கு மேல் வேண்டாம்.

முக்கியமான வேலை செயலமர்வுக்கு முந்தின நாளே தொடங்கும்: வாவித் தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று அளக்க மாதிரி எடுப்பது. மீனவர் ஒவ்வொருவரிடமும் மூடியுள்ள இரண்டு போத்தல் கொடுத்து, தான் வலை போடும் இடத்திலேயே தண்ணீர் எடுக்கச் சொல்லுங்கள்: ஒன்று மேல்மட்டத்தில், ஒன்று அடியில். அடித் தண்ணீருக்குப் போத்தலில் கல்லைக் கட்டி, தக்கையில் நூல் கட்டி, இறக்கியபின் நூலை இழுத்துத் தக்கையைக் கழற்றவேண்டும். உப்புத் தண்ணீர் கனமானது, அடியில் தங்கும். மேலே எடுத்தது நன்னீர்போல் காட்டும்போது இறால் நடமாடும் அடி உவராக இருக்கலாம். மேல்தண்ணீரை மட்டும் அளந்த அறிக்கையை மீனவர் நம்பாததில் நியாயம் உண்டு. இடத்தையும் நேரத்தையும் போத்தலில் எழுதி, இறுக மூடி நிழலில் வைக்கவேண்டும். திறந்து வெயிலில் விட்டால் தண்ணீர் ஆவியாகி உப்பின் அளவு கூடிவிடும்.

மண்டபத்தில் எல்லார் முன்னிலையிலும் உப்புமானியால் அளவுங்கள். முதலில் காய்ச்சி வடித்த நீரில் பூச்சியம் காட்டுகிறதா என்று பார்த்துச் சரிசெய்யாவிட்டால் அன்றைய இலக்கங்கள் அத்தனையும் பிழை. கடல்நீர் லீற்றருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு என்று ஒரு வரியில் சொல்லிவிட்டு, மீனவரையே கருவிக்குள் பார்த்து வாசிக்க விடுங்கள்.

நான்கு பிரிஸ்டல் போட் (தடித்த அட்டை) தாள்களை ஒன்றோடொன்று ஒட்டி வாவியின் கரைக்கோட்டை மட்டும் வரைந்து வையுங்கள். துறைகளின் பெயர், மேடான இடம், முதலில் தாழும் வயல் ஆகியவற்றை வந்தவர்களே குறிக்கட்டும், அளந்த இலக்கமும் அந்தந்த இடத்தில் ஏறட்டும். அச்சடித்த வரைபடத்தை மாட்டினால் பார்த்துவிட்டுத் தலையாட்டுவார்கள், அவ்வளவுதான்.

மேடை, குத்துவிளக்கு, பொன்னாடை மூன்றையும் தவிருங்கள். அவற்றிலேயே முக்கால் மணி போய்விடும். வட்டமாக இருத்துங்கள். முதல் 40 நிமிடம் தொழில்வாரியாகவும், பெண்கள் தனியாக ஒரு பெண் நடத்துநரோடும் பேசட்டும். பிறகு கலந்த குழு. எடுத்த உடனேயே கலந்தால் போடியாரும் (பெரிய வயல் சொந்தக்காரர்) பொறியியலாளரும் பேச, மற்றவர் பிளேன்டீ குடிப்பார்கள். சிங்களம் பேசும் உத்தியோகத்தர் ஒருவர்தான் என்றால் பக்கத்தில் ஒருவர் மெல்லச் சொல்லிக்கொடுக்கட்டும். சபைக்கு மொழிபெயர்த்தால் நேரம் இரட்டிக்கும்.

வெட்டும் நீர்மட்டத்துக்கு மூன்று தெரிவுகளை எழுதி, ஆளுக்கு 10 புளியங்கொட்டை கொடுத்து, மூடியில் துளையிட்ட பேணிகளில் போடச் சொல்லுங்கள். கையுயர்த்தினால் சங்கத் தலைவரின் கையைப் பார்த்தே மற்றக் கைகள் எழும். எண்ணிக்கையைக் குழுவாரியாக எழுதுங்கள், மாற்றுக் கருத்தையும் சேர்த்து. "உரிய நேரத்தில் வெட்டல்" என்று எழுதினால் யாரும் எப்படியும் வாசிக்கலாம். அளவுகோலில் எத்தனை சென்ரிமீற்றர் என்று எழுதுங்கள்.

இரண்டு கிழமைக்குள் ஒரு பக்கத் தமிழ் அறிக்கை, கீழே சுருக்கமாகச் சிங்களத்திலும், கச்சேரிக்கும் (மாவட்டச் செயலகம்) நீர்ப்பாசனத் திணைக்களத்துக்கும் போகட்டும். பிரதிகளை மீன் ஏலம் போடும் இடத்திலும் கமநல நிலையத்திலும் ஒட்டுங்கள். மழை தொடங்கிவிடும், லமினேட் செய்து ஒட்டினால் நல்லது.