பெரியவர்கள் ஹாரி பாட்டரை எங்கிருந்து தொடங்கலாம்

பஸ்ஸில் சிறுவர் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தால் நாலு பேர் என்ன நினைப்பார்களோ என்று தயங்குகிறவர்களுக்கு ஒரு தகவல்: பிரிட்டனில் புளூம்ஸ்பரி பதிப்பகம் முதல் ஹாரி பாட்டர் புத்தகத்தை 1998-லேயே பெரியவர்களுக்கென்று தனி அட்டை போட்டு விற்றது, உள்ளே அதே கதைதான். அதனால் கூச்சமே வேண்டாம், தாராளமாகப் படியுங்கள்.

ஆனால் முதல் புத்தகத்தை மட்டும் படித்துவிட்டு முடிவுக்கு வராதீர்கள். அது 11 வயதுப் பையனின் கதை, நடையும் அந்த வயதுக்கு ஏற்றது. 1999-இல் வந்த மூன்றாவது வரைக்குமாவது போங்கள், மனிதரின் சந்தோஷத்தையெல்லாம் உறிஞ்சிவிடும் சிறைக்காவலர்கள் அதில்தான் வருகிறார்கள், மனச்சோர்வை அறிந்த ஒரு பெரியவருக்கு அந்தப் பக்கங்கள் தரும் நடுக்கமே வேறு. அப்புறம் ஐந்தாவதில் வரும் அம்பிரிட்ஜ்! இனிக்க இனிக்கப் பேசிக்கொண்டே நாளுக்கொரு உத்தரவைச் சுவரில் ஒட்டி ஒரு பள்ளியையே நெரிக்கும் அந்த அம்மாளைச் சிறுவர்கள் வெறும் வில்லியாகப் பார்ப்பார்கள், அலுவலகத்தில் வேலை பார்த்தவர்களுக்கோ ஏற்கெனவே பழகிய முகம். அந்த ஐந்தாவது புத்தகம் 700 பக்கம் தாண்டும், அவசரப்படாமல் படிக்கலாம்.

படம் பார்த்தாயிற்றே என்று விட்டுவிடவும் வேண்டாம், படங்களில் வராத பகுதிகள் நிறைய.

வீட்டில் எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளை இருந்தால் முதல் இரண்டையும் சத்தமாகச் சேர்ந்து படியுங்கள். நான்காவதின் கடைசியில் ஒரு மரணம் உண்டு, அதைப் பிள்ளையிடம் கொடுக்குமுன் நீங்கள் ஒருமுறை படித்துவிடுங்கள்.