உறைந்த கழிவுக் குழாய்: கோளாறு டேங்கில்

கடும் குளிரில் கழிவுக் குழாய் உறைந்து, ஒரு ஃபிளஷுக்கு 6 லிட்டர் மட்டுமே விடும் எங்கள் டாய்லெட்டில் தண்ணீர் இறங்காமல் நின்றதும், ‘குறைந்த தண்ணீர் என்பதால்தான் உறைகிறது’ என்று பழி அதன் மேல்தான் விழுந்தது. பாவம், ஒரே வீச்சில் ஓடும் 6 லிட்டர் சுலபத்தில் உறையாது. டேங்கின் அடி ரப்பர் மூடி கசிந்தால், நூல்போல இறங்கும் நீர்தான் குளிர்ந்த குழாயில் அடுக்கடுக்காகப் பனிக்கட்டியாகிறது.

டேங்கில் சிவப்பு உணவு நிறமி நாலு சொட்டு விட்டு, அரை மணி நேரம் ஃபிளஷ் செய்யாமல் விட்டேன். கோப்பைக்குள் சிவப்பு இறங்கியது. மூடியை மாற்றினேன்.

கட்டியைக் கரைக்கக் கொதிநீர் ஊற்றக் கூடாது, பீங்கான் விரிசல் விடும். குழாயின் வெளிப்பக்கம் ஹேர் டிரையரைக் கீழ்முனையிலிருந்து மேல்நோக்கிக் காட்டினேன். அப்போதுதான் உருகிய நீர் வெளியேற வழி கிடைக்கும். பிறகு குழாயில் ஹீட்டிங் கேபிள் (சூடேற்றும் மின்கம்பி), அதன்மேல் ஃபோம் உறை. நீர் தேங்காமல் ஓட, குழாயின் சரிவு மீட்டருக்கு 2 செ.மீ. குழாய் தொய்ந்த இடத்தில் தாங்கிப் பிடிக்கப் புதுக் கிளாம்ப்.