மூளை ஸ்கேனில் ‘ஸ்மால் வெசல் டிசீஸ்’: ரிப்போர்ட்டை வாசிப்பதில் நேரும் தவறுகள்

பெங்களூருவில் உள்ள மனநல, நரம்பியல் மருத்துவமனையான நிம்ஹான்ஸுக்கு ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கமிருந்து வரும் தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். அல்சூர், ஸ்ரீராமபுரத்து ஆட்கள் வேறு. பக்கவாதம் வந்த அப்பாவின் எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டை வாசித்துச் சொல்கிற வேலை படித்த பிள்ளையின் தலையில் விழும். ‘ஸ்மால் வெசல் டிசீஸ்’, அதாவது மூளையின் சின்ன ரத்தக்குழாய்கள் பழுதாவது, என்ற வரியைப் பார்த்ததும் வீட்டில் ஆளுக்கொரு முடிவு.

அதில் ஆபத்தான முடிவு மாத்திரையை நிறுத்துவது. ‘மைக்ரோபிளீட்ஸ்’ என்று ரிப்போர்ட்டில் இருந்தால், மூளையில் ரத்தம் கசிகிறதென்று பதறி ரத்தம் உறைந்து அடைக்காமல் இருக்கக் கொடுத்த ஆஸ்பிரினை அன்றிரவே தூக்கி வைத்துவிடுகிறார்கள். அவை பெரும்பாலும் 2 முதல் 10 மி.மீ. அளவுள்ள கரும்புள்ளிகள்; எப்போதோ கசிந்த ரத்தத்தின் இரும்புக் கறை. 20 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பக்கவாத நோயாளிகளின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்த 2019ஆம் ஆண்டு ஆய்வில், இந்தப் புள்ளிகள் நிறைய இருந்தவர்களுக்குக்கூட ரத்தக்கசிவைவிட அடைப்பு வரும் அபாயமே அதிகமாக இருந்தது. புள்ளிகள் எங்கே இருக்கின்றன என்பதும் முக்கியம். மூளையின் ஆழத்தில் என்றால் பெரும்பாலும் பி.பி.யின் வேலை. வயதானவருக்கு மேற்பரப்பை ஒட்டி மட்டும் இருந்தால், குழாய்ச் சுவரில் அமிலாய்டு என்ற புரதம் படிந்திருக்கிறதோ என்று டாக்டர் யோசிப்பார். அப்போது மாத்திரைக் கணக்கு மாறலாம். அந்தக் கணக்கைப் போட வேண்டியவர் டாக்டர்.

இந்தப் புள்ளிகளின் எண்ணிக்கையை ஒப்பிடுவதிலும் சறுக்கல் உண்டு. போன வருஷம் மூன்று, இப்போது ஒன்பது என்றால் நோய் முற்றிவிட்டது என்றே அர்த்தமில்லை. எம்.ஆர்.ஐ.யை எஸ்.டபிள்யூ.ஐ. என்ற முறையில் எடுத்தால் பழைய முறையைவிட அதிகப் புள்ளிகள் தெரியும், காந்த சக்தி குறைந்த 1.5 டெஸ்லா மெஷினைவிட, சக்தி கூடிய 3 டெஸ்லாவில் இன்னும் அதிகம். சி.டி.யில் இவை தெரியவே தெரியாது.

சி.டி. என்றதும் இன்னொன்று. ‘சி.டி. நார்மல், அப்போ ஸ்ட்ரோக் இல்லை’ என்று வீட்டுக்குக் கிளம்பிவிடக் கூடாது. பெரிய ரத்தக்கசிவு இருக்கிறதா என்று சட்டென்று பார்க்கத்தான் அந்த அவசர சி.டி. சின்னக் குழாயில் புதிதாக வந்த அடைப்பு முதல் சில மணி நேரத்தில் அதில் பெரும்பாலும் தெரியாது. எம்.ஆர்.ஐ.யில் எடுக்கும் படங்களில் ஒன்றான டிஃப்யூஷன் படத்தில் அது வெள்ளையாகத் தெரியும். அந்த வெள்ளை சுமார் இரண்டு வாரம் இருக்கும். மாறாக, ‘லக்யூன்’ என்று எழுதியிருந்தால் அது 3 முதல் 15 மி.மீ. அளவுள்ள பழைய குழி. இப்போது இரண்டாவது அட்டாக் வந்துவிட்டதாகக் கலங்க வேண்டாம்.

மூளையின் உட்பகுதியில் நரம்பிழைகள் ஓடும் வெண்பொருளில் உள்ள வெள்ளைத் திட்டுகளை 0 (இல்லை) முதல் 3 (மிக அதிகம்) வரை ஃபாசேக்காஸ் அளவில் மதிப்பிடுவார்கள். எழுபது வயதில் 1 சாதாரணம். ஐம்பத்தைந்தில் 3 என்றால் ‘வயசாச்சு’ என்று தள்ளிவிட முடியாது, பி.பி. பல வருஷமாகக் கட்டுக்குள் இல்லையோ என்று தோண்ட வேண்டும். அதற்காக ஞாபகமே போய்விடும் என்று முடிவுகட்டுவதும் தப்பு. ஒரே தரம் காட்டும் படத்தோடு ஒருவர் கணக்கு வழக்கெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பார், இன்னொருவர் கால் தேய்த்து நடப்பார். நடை, சிறுநீர் அவசரம், யோசிக்கும் வேகம் ஆகியவற்றில் வந்த மாற்றத்தை டாக்டரிடம் சொல்லுங்கள். படத்தில் அது இருக்காது.

டாக்டர்களும் தவறக்கூடிய இடம் ஒன்று இருக்கிறது. திட்டுகள் தெரிகின்றன என்பதற்காக எல்லாப் பழியையும் சின்னக் குழாய்கள்மேல் போட்டுவிடுவது. அதே ஆளுக்கு இதயத் துடிப்பு ஒழுங்கு தவறியிருக்கலாம், கழுத்துக் குழாயில் அடைப்பு இருக்கலாம். ஆசியர்களிடம் அதிகம் காணப்படுவது மண்டைக்குள் இருக்கும் பெரிய குழாயில் படியும் கொழுப்பு. அது கிளைக்குழாயின் வாயை அடைத்தாலும் படத்தில் சின்ன அடைப்பாகவே தெரியும். ஈ.சி.ஜி.யும் ரத்தக்குழாய்களைக் காட்டும் ஆஞ்சியோ ஸ்கேனும் பார்த்தாயிற்றா என்று கேட்பதில் தப்பில்லை.

போகும்போது ரிப்போர்ட் தாளை மட்டும் எடுத்துப் போகாமல், பழைய ஸ்கேன் படங்கள் பதிந்த டிஸ்குகளையும் கொண்டுபோங்கள். எது புதுசு, எது பழசு என்று படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.