'போல' இருந்தால் உவமையா?

செய்யுளைக் கொடுத்து அணி என்ன என்று கேட்டால் நம்மில் பலரும் முதலில் செய்வது 'போல' எங்கே என்று தேடுவதுதான். கிடைத்தால் உவமை, கிடைக்கவில்லை என்றால் உருவகம், எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போயாச்சு. பாதி நேரம் விடையும் சரியாக வந்துவிடுவதால் இந்தப் பழக்கம் போகவே மாட்டேன் என்கிறது. 'மழை வரும் போல இருக்கு' என்பதில் என்ன உவமை இருக்கிறது? வெறும் ஊகம். 'மலர்முகம்' என்பதில் 'போல' இல்லை, ஆனால் மலர் போன்ற முகம் என்று விரியும் உவமைத்தொகை அது. அதையே திருப்பி 'முகமலர்' என்று போட்டால் முகமே மலராகிவிடும், அது உருவகம்.

இதைவிடப் பெரிய தவறு, சொன்னதை மட்டும் படித்துவிட்டு நிறுத்திக்கொள்வது. 'பீலிபெய் சாகாடும் அச்சிறும் அப்பண்டம் சால மிகுத்துப் பெயின்' என்ற குறளை (475) அப்படியே எடுத்துக்கொண்டால் லாரி டிரைவருக்குச் சொன்ன புத்திமதி மாதிரிதான் இருக்கும்: மயிலிறகுதானே என்று அளவில்லாமல் ஏற்றாதே, அச்சு முறிந்துவிடும். ஆனால் அது வருவது வலியறிதல் அதிகாரத்தில். தனித்தனியாகப் பார்த்தால் எளியவர்களாகத் தெரியும் பகைவர்கள் ஒன்றுசேர்ந்தால் வலிமையான அரசனும் முறிந்துபோவான் என்பதுதான் விஷயம், அரசன் என்ற சொல்லோ பகை என்ற சொல்லோ குறளில் இல்லவே இல்லை. இதற்குப் பிறிதுமொழிதல் என்று பெயர், சரி, பெயர் தெரிந்துவிட்டால் மட்டும் போதாது. 'சாகாடும்' என்பதில் ஒட்டியிருக்கும் அந்த 'உம்'மைக் கவனிக்காமல் விட்டால் பாதிச் சுவை போய்விடும்: மயிலிறகு ஏற்றிய வண்டிகூட முறியும்.

ஒரே பொருள் என்று நினைத்துச் சொற்களை ஒரே மூட்டையில் கட்டுவது அடுத்த தவறு. அரும்பு, போது, மலர் மூன்றுக்கும் நேராக 'பூ' என்று எழுதி வைத்துக்கொண்டு 'காலை அரும்பிப் பகலெல்லாம் போதாகி மாலை மலரும்இந் நோய்' (1227) என்ற குறளுக்கு வந்தால் அங்கே ஒன்றுமே நடக்காது. அரும்பு இப்போதுதான் முளைவிட்டது, போது விரியப்போகிற பருவம், மலர் முழுக்க விரிந்தது. பிரிந்திருக்கும் பெண்ணின் வேதனை ஒரே நாளில் இந்த மூன்று படிகளையும் ஏறுகிறது. மலர்தல் என்ற நல்ல சொல்லைக் கொண்டுபோய் நோய்க்கு வைத்திருக்கிறாரே, அங்கேதான் குத்துகிறது.

அப்புறம், இன்றைய பொருளைப் பழைய நூலுக்குள் தள்ளுவது. ஈ, தா, கொடு மூன்றும் நமக்கு ஒன்றுதான். தொல்காப்பியத்தில் தாழ்ந்தவர் உயர்ந்தவரிடம் கேட்டால் ஈ, சமமானவரிடம் கேட்டால் தா, உயர்ந்தவர் தாழ்ந்தவரிடம் கேட்டால் கொடு. அதற்காக இன்று வீட்டில் யாராவது 'தண்ணி கொடு' என்றதும் சண்டைக்குப் போக வேண்டாம்.

மரபுத்தொடர்களில் நடக்கும் கூத்து தனி. அத்தி பூத்தாற்போல என்றால் எப்போதாவது. ஆகாயத்தாமரை என்றால் இல்லவே இல்லை. கானல்நீர் கண்ணுக்குத் தெரியும், கிட்டப் போனால் இருக்காது. வேலை தருகிறேன் என்று ஒருவர் வருடக்கணக்கில் இழுத்தடித்து ஏமாற்றினால் அது கானல்நீர், அங்கே ஆகாயத்தாமரை பொருந்தாது. கையை வைத்து வருபவை இன்னும் வம்பு. டாக்டர்கள் கைவிரித்துவிட்டார்கள் என்றால் அவர்களால் முடியவில்லை என்று அர்த்தம். கைகழுவிவிட்டார்கள் என்று எழுதினால் பொறுப்பைத் தட்டிக்கழித்தார்கள் என்று குற்றம் சாட்டுகிறீர்கள், அவர்கள் வக்கீல் நோட்டீஸ் அனுப்பினாலும் ஆச்சரியப்பட முடியாது.